மூட்டைப்பூச்சிக்காரி

எங்கள் தெருவுக்கு வந்து முத்துச்செல்வி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், மோவாயைத் தடவுவார்கள். மூட்டைப்பூச்சிக்காரி வீடு என்று கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து எங்கள் வாசலைக் காட்டுவார்கள். அவள் இப்போது இந்த வீட்டில் இல்லை. பூச்சி இருக்கிறது. ஆனாலும் தெரு ஒரு தடவை பேர் வைத்துவிட்டால் வைத்ததுதான்.

அவள் என் அண்ணன் செண்பகராஜின் பெண்டாட்டி, எனக்கு மதினி. எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரி. பன்னிரண்டு வரை படித்தவள். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள், ஆனால் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிடும். அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் மனசு வராது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்ட நான் எழுதுகிறேன். கூட்டல் கழித்தல்தான் எனக்கு வராது, பார்த்ததைச் சொல்ல வரும்.

கல்யாணத்துக்கு அவள் வந்தபோது பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டியில் சீர் வந்தது. கட்டில், பீரோ, பாத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே ராணி மாதிரி ஒரு பஞ்சு மெத்தை. எங்கள் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரி வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கிற மெத்தையைக் கடையில் வாங்கினால் மரியாதை இல்லை. தகப்பன் தன் கரிசலில் விளைந்த பருத்தியின் முதல் எடுப்பைத் தனியாக ஒதுக்கிவைத்து, கொட்டை நீக்கிப் பஞ்சாக்கி, மெத்தை தைக்கிறவரை வீட்டுக்கே கூட்டிவந்து தைக்க வேண்டும். முதல் எடுப்பு நல்ல வெள்ளையாக இருக்கும். கடைசி எடுப்பு பழுப்பும் தூசியும் சொத்தையுமாக இருக்கும். கடைசி எடுப்பில் மெத்தை கொடுத்தான் என்று ஒருவனைச் சொன்னால் அவன் பெண்ணைக் கழித்துக் கட்டினான் என்று அர்த்தம்.

அதனால் மெத்தை இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளை ஒருத்தி தையலில் விரலை விட்டு ஒரு சிட்டிகைப் பஞ்சை உருவிப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு என் அம்மா மாடத்தி உருவினாள். மதினியின் அப்பா சோலைச்சாமி மாமா, பிள்ளையை டாக்டரிடம் காட்டுகிறவர் போல, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அம்மா பஞ்சை வெளிச்சத்தில் பிடித்தாள், இழுத்துப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள். அப்புறம் ஊதிவிட்டாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தம் அவள் முகத்தில் அன்றைக்கே விழுந்துவிட்டது. அப்பா செத்த பிறகு வீட்டைத் தனியாளாக இழுத்து வந்தவள் அம்மா. யார் எதைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு ஓட்டை தேடுவது அவளுக்குக் கைப்பழக்கம்.

நான் மதினியைச் சோதித்தது வேறு விதம். என்னிடம் ஒரு ரப்பர் பல்லி உண்டு. வீட்டுக்கு வந்த எல்லோரும் அதற்கு ஒரு தடவை அலறியிருக்கிறார்கள். மதினியின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கதவோரம் காத்திருந்தேன். சத்தமே இல்லை. மறுநாள் முகத்துக்குப் போட பவுடர் டப்பாவைத் திறந்தால் பல்லி வெள்ளை வெளேரென்று என்னைப் பார்க்கிறது. நான் போட்ட கூச்சலில் அம்மா தோசைச் சட்டுவத்தோடு ஓடிவந்தாள். மதினி அடுப்படியில் மூக்கால் சிரித்தபடி நின்றாள். அதற்குப் பிறகு பல்லி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. நான் அரிசிப் பானையில் வைத்தால் அவள் என் செருப்புக்குள் வைப்பாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த விளையாட்டு அது ஒன்றுதான்.

அண்ணன் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு ஆர்டர் எடுக்கிற வேலை பார்க்கிறான். மாதத்தில் பாதி நாள் வெளியூர், கிடைத்த லாட்ஜில் தங்கல். ஆள் ரொம்பச் சுத்தம். பஸ் சீட்டைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்காருவான். சட்டையில் மடிப்புக் கலைந்தால் பெண்டாட்டியிடம் பேச மாட்டான். அவனைப் பார்த்தால் கொசுகூடக் கால் கழுவிவிட்டு வந்துதான் கடிக்க வேண்டும்.

பங்குனியில் அப்படி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவன் முதுகைச் சொறிந்துகொண்டு வந்தான். வேனல் கொப்புளம் என்று அம்மா சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் மதினி கையிலும் கழுத்திலும் தடிப்பு. கொசு கடித்தால் இங்கே ஒன்று அங்கே ஒன்று இருக்கும். இது மூன்று நாலாக, தையல் போட்டது மாதிரி வரிசையாக இருந்தது. அம்மா கொசுவர்த்தி வாங்கினாள். கொசுதான் வீட்டைவிட்டுப் போனது.

ஒரு காலை மதினி என்னை அறைக்குக் கூப்பிட்டாள்.

“ஏட்டி காவியா, பேனாவ வச்சு மெத்தையில புள்ளி குத்துனது நீதான?”

மெத்தையின் ஓரத் தையலில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள். விரிப்பிலும் துரு நிறத்தில் அங்கங்கே சின்னக் கறை. நான் செய்தால் இதைவிட நன்றாகச் செய்வேன் என்று சத்தியம் பண்ணினேன். மதினி முந்தானை நுனியை நனைத்துப் பொட்டைத் தேய்த்தாள். பேனா மை அப்படி இழுகாது, இது காய்ந்த ரத்தமாக இழுகியது. தையலை விரலால் பிரித்துப் பார்த்தாள். மிளகாய் விதை போலத் தட்டையாக, செம்பழுப்பாக ஒன்று மெதுவாக நடந்து உள்ளே போனது. பக்கத்தில் அதே மாதிரி காலிக் கூடுகள், சட்டையைக் கழற்றிப் போட்டது போல. ஒன்றை நசுக்கினாள். அழுகின மல்லித்தழை வாடை அடித்தது.

மதினி அப்போது பயப்படவில்லை, வெட்கப்பட்டாள். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து, அத்தையிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றாள். கூடப் படித்த சுந்தரேஸ்வரி என்பவள் மில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவளுக்குப் போன் போட்டாள். அந்த ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சிக்குத்தான் சம்பளம் கொடுக்கவில்லை, மற்றபடி அதுவும் அங்கே ஆள்தான். விரிப்பு, தலையணையுறை, துணி எல்லாவற்றையும் அறையிலேயே பையில் கட்டி நேரே கொதிக்கிற தண்ணீரில் போடு, அடுத்த அறைக்கு உதறிக்கொண்டு போகாதே, கட்டில் மூட்டுகளிலும் ஆணி ஓட்டைகளிலும் வெந்நீர் ஊற்று, மண்ணெண்ணெய் ஊற்றி வீட்டைக் கொளுத்திக்கொள்ளாதே என்று அவள் ஸ்பீக்கரில் அடுக்கினாள். கடைசியாக, “இத்தனையும் செய்யதுக்கு முன்னால வெளியூர் போயிட்டு வந்த பையப் பாரு புள்ள” என்றாள். மதினி சட்டென்று ஸ்பீக்கரை அமர்த்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். பேச்சு அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேருமாக மெத்தையைப் பெரிய பாலித்தீனில் பொதிந்து களத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தோம். மெத்தை என்ன கைக்குட்டையா, மடித்து இடுப்பில் செருக? வாசலுக்கு வந்ததும் எதிர் வீட்டுப் பாலம்மாள் சித்தி பிடித்துக்கொண்டாள். தெருவில் யார் வீட்டுக் கொடியில் எது காய்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் போகாது. என்ன மெத்தையை வெளியே தூக்குகிறீர்கள் என்று கேட்டபடி வந்து பாலித்தீனுக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டாள்.

அம்மா தண்ணிக் குடத்தோடு வந்தாள். நடந்தது அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. தன் வீட்டில் மூட்டை என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசும் என்பது புரிய அதுகூட ஆகவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“எங்க வீட்டுல இத்தன வருசத்துல மூட்டைன்னு ஒண்ணு கிடையாது. கடைசி எடுப்புப் பருத்திய அடைச்சுக் குடுத்தா மூட்ட புடிக்காம மல்லியப்பூவா பூக்கும்?”

மூட்டை பஞ்சில் பிறப்பதில்லை, அது ரத்தம் குடிக்கிற ஜீவன், யாராவது தூக்கி வந்தால்தான் வரும். இது எனக்கே தெரியும். ஆனால் எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் பருத்திக்காரர்கள். பருத்திக்காயில் சிவப்பாக உட்கார்ந்து சாறு குடிக்கிற பூச்சியையும், சொத்தைக் காயில் நெளிகிற புழுவையும் பார்த்துப் பழகின கண்கள். கெட்ட பருத்தி என்றால் பூச்சி, பூச்சி என்றால் கெட்ட பருத்தி. அம்மா சொன்னது அவர்களுக்கு ரெண்டும் ரெண்டும் நாலு போல விழுந்தது. அன்று மதியத்துக்குள் சோலைச்சாமி மாமா கடைசி எடுப்புக்காரராகவும், மதினி மூட்டைப்பூச்சிக்காரியாகவும் ஆகிவிட்டார்கள்.

அம்மா அதோடு விடவில்லை. பருத்திக்கு வாங்கின மருந்தில் மிச்சம் இருந்தது, அதையும் கைத்தெளிப்பானையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மதினி குறுக்கே நின்றாள். சத்தம் போடவில்லை.

“அத்த, அது செடிக்கு அடிக்க மருந்து. மனுசர் படுக்க இடம் இது. மூச்சு முட்டிரும்.”

“ஒங்க அப்பா பருத்திக்குத்தான அடிக்கேன். பழகுன மருந்துதான்.”

அடித்திருப்பாள். அதற்கு முன்னாலேயே நான் தெளிப்பானின் வாஷரைக் கழற்றி என் பாவாடை மடிப்பில் வைத்திருந்தேன். அம்மா பம்பை அமுக்க அமுக்கத் தெளிப்பான் கிழட்டு மாடு மாதிரி எச்சில் ஒழுகியது. திட்டிக்கொண்டே அதை மூலையில் போட்டாள். மதினி என்னைப் பார்க்காமல் கடந்து போகிறபோது என் சடையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனாள். அவளுடைய நன்றி அந்த அளவில்தான் இருக்கும்.

அம்மா சோலைச்சாமி மாமாவுக்குப் போன் செய்து, வந்து மெத்தையை எடுத்துப்போகச் சொன்னாள். கேட்க லேசாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் சீரில் வந்த பொருள் ஒன்று திரும்பிப் போனால் பெண் திரும்பிப் போகிற நாள் தூரத்தில் இல்லை என்று பொருள். அதோடு, வாங்கிப்போகிற தகப்பன் தான் கொடுத்தது கெட்டது என்று ஒப்புக்கொண்டதாகவும் பொருள். மதினி அம்மாவிடம் கொஞ்ச நாள் கேட்டாள். சித்திரை வெயில் இருக்கிறது, பூச்சியை நான் ஒழித்துக் காட்டுகிறேன், அப்பாவை மட்டும் வரச் சொல்லாதீர்கள் என்றாள். அறுவடை வேலை முடிந்ததும் வருகிறேன் என்று மாமாவே தள்ளிப்போட்டதால் நாள் கிடைத்தது.

அதை அவள் வீணாக்கவில்லை. துணிமணிகளை அண்டாவில் கொதிக்கவைத்தாள். கட்டிலைக் கழற்றி ஒவ்வொரு மூட்டிலும் வெந்நீர் ஊற்றினாள். ஆணி ஓட்டையில் ஈர்க்குச்சி விட்டுக் குடைந்தாள், காலண்டருக்குப் பின்னால், சுவிட்சுப் பெட்டி ஓரத்தில், சுவர் வெடிப்பில் எல்லாம் தேடினாள். மெத்தையை மிளகாய் வத்தல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் போட்டு, மேலும் கீழும் கறுப்புப் பாலித்தீனால் பொதிந்து ஓரத்தில் கல் வைத்தாள். நடுப்பகலில் அதைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். ஒரு நாளில் உள்பஞ்சு வரை சூடு ஏறாது என்று நாள் நாளாகப் புரட்டிப் போட்டாள். கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த நேரம் அது, காக்காகூட நிழலில் உட்கார்ந்திருக்கும். இவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாராவது வந்து மெத்தையைக் கொளுத்திவிடுவார்களோ என்று வேப்பமரத்தடியில் காவல் இருப்பாள். முகம் கறுத்து உதடு வெடித்துப்போனது.

கடைசியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் மெத்தையைத் தட்டினாள். விழுந்ததெல்லாம் செத்தது. ஒன்றுகூட நகரவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, செத்தாலும் அது மூட்டைதானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணன் இதில் எங்கே என்று கேட்பீர்கள். அவன் இன்னொரு சுற்றுப் போயிருந்தான். மாமா வருகிற நாளுக்கு முந்தின பகலில் வந்தான். பையை வெயிலில் வைக்கலாமா என்று மதினி மெதுவாகக் கேட்டாள். என்னையே சந்தேகப்படுகிறாயா என்று அவன் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். அவன் குளிக்கப் போனபோது, அவனுக்கும் ஒரு தடவை பல்லியைக் காட்டலாம் என்று நான் பையின் ஓர ஜிப்பைத் திறந்தேன்.

பல்லியைப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. உள்துணித் தையல் நெடுக அதே கறுப்புப் பொட்டு. மடிப்பில் கொத்தாக மிளகாய் விதைகள், உயிரோடு. இடையில் சீனிப் பொடி போல வெள்ளையாக முட்டை. மெத்தையில் இருந்ததெல்லாம் இதற்கு முன்னால் பேரப்பிள்ளைகள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் பையைத் திறந்தபடியே காட்டினேன். அவன் திடுக்கிடவில்லை. வந்து ஜிப்பை மூடினான்.

“மெதுவா பேசு. அந்த லாட்ஜ்லயே பாத்தேன். செவுத்துல ரெண்ட நசுக்குனேன். சட்டைய உதறிட்டுத்தான் வந்தேன்.”

“அப்ப மதினி அந்த வேகாத வெயில்ல கிடந்தாளே, ஏன் சொல்லல?”

“அம்மா தெரு பூரா சொல்லிட்டாளே. இனி நான் என்னன்னு சொல்ல? ஊரூராப் போயி மூட்டை சுமந்துட்டு வந்தவன்னு என்னையச் சொல்லவா?”

நாளைக்கு மாமா வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றான். நான் அதை நம்பினேன். கணக்கில் நான் வீக் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் குட்டியானை வந்து நின்றது. மாமா வீட்டுக்குள் வரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. களத்திலிருந்து கொண்டுவந்து வாசலில் வைத்திருந்த மெத்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். தையலில் விரலை விட்டு ஒரு சிட்டிகைப் பஞ்சை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கல்யாணத்தன்று இருந்த அதே வெள்ளை. தெருவே கூடியிருந்தது.

“தங்கச்சி, பஞ்சப் பாருங்க. மொதல் எடுப்பு. என் கையால எடுத்தது.”

அம்மா கொடிக் கயிற்றைப் பார்த்தாள். பாலம்மாள் சித்தி தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். மாமா உள்ளங்கையை நீட்டியபடி நின்றார். காற்று வந்து பஞ்சைக் கொண்டுபோகப் பார்த்தது, அவர் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

மதினி அண்ணனைப் பார்த்தாள். அவன் நிலைப்படியில் நின்று கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அழுக்கே இல்லாத விரல்கள். அவன் வாயிலிருந்து ஒரு வரி வந்தால் போதும், மாமா தலைநிமிர்ந்து மெத்தையை உள்ளே தூக்கிவைத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடிப் பையை எடுத்துவந்து, மதினி மெத்தை தட்டின அதே வெள்ளை வேட்டியை வாசலில் விரித்து அதில் தலைகீழாகக் கொட்டினேன். சட்டை, சீப்பு, சென்ட்டு பாட்டில், என் ரப்பர் பல்லி, கூடவே வெயிலைக் கண்டு நாலு பக்கமும் ஓடுகிற மூட்டைகள்.

கூட்டம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“மெத்தையில கிடந்தது பைக்கு ஏறாமலா இருக்கும்?” என்றாள் அம்மா.

தெரு மூச்சு விட்டது. ஆமாம், ஏறும்தானே என்று யாரோ சொன்னார்கள். பூச்சிக்கு வாயில்லை, எந்த ஊரில் ஏறினேன் என்று அது சொல்லாது. சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். மாமாவும் அவனிடம்தான் திரும்பினார்.

“மாப்ள, நீங்க சொல்லுங்க.”

அண்ணன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“எனக்கென்ன தெரியும் மாமா. பூச்சி எங்கருந்து வந்துச்சுன்னு யாரு பாத்தா.”

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி என் தோளில் கை வைத்தாள். குனிந்து என் காதோடு சொன்னாள்.

“விடுட்டி. பையில இருந்துதான் வந்துச்சுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். அவிய வாயால வரட்டும்னுதான் இத்தன நாளு வெயில்ல கிடந்தேன்.”

உள்ளே போனாள். கொதிக்கவைத்துக் காயப்போட்டு, பாலித்தீன் பையில் கட்டிவைத்திருந்த தன் துணிகளை எடுத்துவந்தாள். அவற்றை அவள் முன்பே கட்டித் தயாராக வைத்திருந்தாள் என்பதை அப்புறம்தான் யோசித்தேன். மெத்தையைத் தூக்க ஒருவரும் வரவில்லை. மாமா ஒரு முனை, நான் ஒரு முனை. வண்டிக்காரர் முன்னால் உட்காரச் சொன்னார். மதினி மாட்டேன் என்று பின்னால் ஏறி, மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தெரு பூராவும் பார்க்கட்டும் என்று இருந்திருக்கும்.

“ஏட்டி, அந்தப் பையக் கட்டி வெயில்ல போடு. இல்லன்னா நீதான் கடிபடுவ” என்றாள். வண்டி போய்விட்டது. அண்ணன் பையை வெயிலில் போட விடவில்லை. போட்டால் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமாம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அம்மா கடையில் ஸ்பான்ஜ் மெத்தை வாங்கினாள். ஆடி பிறப்பதற்குள் அதன் தையலிலும் பொட்டு. இப்போது அம்மாவும் வரிசையாகச் சொறிகிறாள். சொறியும்போது, அந்த மூட்டைப்பூச்சிக்காரி விட்டுப்போன குறை என்கிறாள். பாலம்மாள் சித்தி வீட்டுக்கும் போய்விட்டது. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நியாயம் பேசினால் சும்மா அனுப்புமா? அவளும் மதினியைத்தான் வைகிறாள். ஆள் போன பிறகும் பூச்சி வளர்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாள், கோவில்பட்டிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டயபுரம் பஸ் ஏறினேன். மதினி இளைத்திருந்தாள். தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள், அப்பாவோடு காட்டுக்கும் போகிறாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“அங்கனயே நில்லு. பைய இறக்கு.”

என் பையை வெயிலில் வைத்து ஒவ்வொரு தையலாக விரலால் பிரித்துப் பார்த்தாள். கறுப்புப் பாலித்தீனில் கட்டி மொட்டைமாடியில் போட்டாள். தொழுவத்து ஓரம் என்னைக் குளிக்கவைத்து, தன் பாவாடை சட்டையைக் கொடுத்து, என் உடுப்பைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினாள். எங்கள் வீட்டு ஆட்களை இப்படித்தான் உள்ளே விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைத் துவட்டிக்கொண்டேன். அப்புறம் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். அந்த மெத்தையில் என்னைப் படுக்கச் சொன்னாள். ஓரத்தில் மாமா விரல் விட்ட இடத்தைத் தைத்திருந்தாள். மாமா இப்போதும் அந்த அறைக்குள் வருவதில்லையாம். இந்த வருஷம் பருத்தியும் போடவில்லை, உளுந்து விதைத்திருக்கிறார். பருத்தியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாராம்.

கிளம்புகிறபோதுதான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணன் ஒன்னைய வரச் சொல்லுதான் மதினி.”

“தெருவுல சொல்லியாச்சா?”

“இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள், கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதில் வந்தது போல. மாடிக்குப் போய்ப் பையை எடுத்துவந்தாள். வெயிலில் கிடந்து சுடச்சுட இருந்தது.

“பை சுத்தமாயிட்டு. இதத் திரும்ப அந்தக் கட்டில்ல வைக்காத” என்றாள். அண்ணனைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை, தைக்க வேண்டியது கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே இருந்து ரப்பர் பல்லி என்னைப் பார்த்தது. அன்றைக்கு வேட்டியில் விழுந்ததை மதினிதான் எடுத்துப் போயிருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசில் ஊதி வண்டியையே நிறுத்திவிட்டார். ஆட்கள் திட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் ஏன் தண்ணீர் வருகிறது என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்.

அடுத்து ஒளித்துவைக்க வேண்டிய முறை என்னுடையது. பல்லி இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இந்த வீட்டில் அதை யாருக்கு வைப்பது என்று தெரியவில்லை.